சட்டத்தரணிக்கு இடமில்லாத விசாரணை

“உள்ளுக்கு வர ஏலாத லோயர வச்சிக்கிட்டு நான் என்ன செய்யிற, ஸவா?”

பதுளைக் கடைத்தெரு வழியாக வீட்டுக்குத் திரும்பும்போது ஹம்ஸியா ராத்தா என்னிடம் இப்படிக் கேட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது. எங்களுக்குக் கொஞ்சம் பின்னால், கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, அந்த லோயரும் தலைகுனிந்து நடந்து வந்தார். அவர் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த லோயர். ராத்தாவின் வழக்கைப் பேசத்தான் வந்திருந்தார். பேச விடவில்லை.

ஹம்ஸியா ராத்தா எங்கள் பக்கத்து வீடு. அக்காவைத்தான் நாங்கள் ராத்தா என்போம். நான் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்த காலம் அது. பெண் தனியாகப் போகக் கூடாது என்பதால், ராத்தா எங்கே போனாலும் துணைக்கு என்னைக் கூப்பிடுவார். அதனால்தான் இந்தக் கதை முழுவதும் எனக்குத் தெரியும்.

ராத்தாவின் தொழில் தையல். சம்பளத்துக்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் ரவிக்கை தைக்க அவரிடம் வருவார்கள். தெமோதரையிலிருந்து வருவார்கள், பூனாகலையிலிருந்துகூட வருவார்கள். கொழுந்துக் கூடையின் கயிறு தலையிலிருந்து முதுகுக்கு இறங்குவதால் ரவிக்கையின் தோள்பட்டை சீக்கிரம் தேய்ந்துவிடும். ராத்தா அந்த இடத்தில் உள்ளே இன்னொரு துணி வைத்துத் தைப்பார். அதற்காகவே தேடி வருகிறவர்கள் இருந்தார்கள்.

அவரிடம் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. மெஷினில் உட்கார்ந்து குனிந்து தைக்கும்போது ஊர்க்கதை முழுவதையும் சத்தமாகப் பேசுவார். சிரிப்பார், ஏசுவார், யாரைப் போலவும் பேசிக் காட்டுவார். மெஷினை விட்டு எழுந்து ஒருவரின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டுமென்றால் வாய் அடைத்துவிடும். ஆண்கள் முன்னால் சொல்லவே வேண்டாம். கடைக்காரர் “என்ன வேணும்?” என்று கேட்டால்கூட என் முகத்தைப் பார்ப்பார்.

அவருக்குக் கல்யாணம் முடிந்தது கொஸ்லந்தையில். மாப்பிள்ளை அலவிக்குத் தோட்டத்து எல்லையில் ஒரு பலசரக்குக் கடை. கடைக்குப் பின்னால் சாமான் அறை, அதையடுத்து ஒரு சின்ன அறை, அதுதான் வீடு. அலவி ஹல்துமுல்லைக்கோ பண்டாரவளைக்கோ சாமான் எடுக்கப் போகும் நாட்களில், பின்கதவை வெளியே தாழிட்டுப் பூட்டிவிட்டுத்தான் போவார். ராத்தா உள்ளே இருப்பார். காலையில் பூட்டினால் பொழுது சாயும்போதுதான் திறப்பார். சாமான் லொறி பழுதாகிவிட்டால் மறுநாள்தான். அவசரத்துக்கு வெளியே போகவும் வழியில்லை, நோய் என்றாலும் கூப்பிட ஆளில்லை.

அந்தக் கதவுக்குப் பக்கத்தில் வந்து பேச்சுக் கொடுத்த ஒரே ஆள் இராக்கம்மா. கொஸ்லந்தைக்கு மேலே உள்ள தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். கடை பூட்டியிருந்தால் சுற்றி வந்து பலகை இடுக்கில் வாயை வைத்து, “அம்சியா, உசிரோட இருக்கியா தாயி?” என்று கேட்பார். ஒருநாள் ராத்தாவுக்குக் கடும் காய்ச்சல். அனத்தும் சத்தம் கேட்டு, இராக்கம்மா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் பூட்டுக் கொண்டியை நெம்பிக் கதவைத் திறந்தார். அப்படியே ராத்தாவைக் கைத்தாங்கலாக இறக்கிக் கொண்டுபோய் பதுளை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பூட்டு எப்படித் திறந்தது என்பது அலவிக்கு அன்று தெரியாது.

மூன்று வருடம் அலவி திரும்பிப் பார்க்கவில்லை. தலாக்கும் சொல்லவில்லை. ராத்தா மெஷினோடு நிம்மதியாக இருந்தார். பிறகு திடீரென்று அலவி ஆள் அனுப்பினார். “எல்லாம் மறந்துட்டேன். பொண்டாட்டிய வந்து கூட்டிப்போறேன்.” ராத்தாவின் தம்பி ஹாஷிம் பண்டாரவளையில் ஒரு கடையில் வேலை செய்தார். அவருக்கு இது நல்ல செய்தியாகப் பட்டது. “மச்சான் மாறிட்டாரு ராத்தா. எத்தன நாளைக்கு இப்படித் தனிய ஈக்கப் போறீங்க? ஊரு என்ன செல்லும்?” என்றார். ராத்தா மெஷினில் இல்லை. அதனால் ஒன்றும் சொல்லவில்லை. அன்று தையலும் ஓடவில்லை.

அப்போது பதுளையில் ஒரு சின்ன சட்ட ஆலோசனைச் சங்கம் இருந்தது. ஸஹாப்தீன் ஹாஜியாரின் துணிக்கடைக்கு மேலே உள்ள அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும். சின்னராசா ஐயா என்ற வயதான சட்டத்தரணிதான் அதன் உயிர். தோட்டத்துச் சனங்கள், கடைத்தெருச் சனங்கள் என்று யார் வந்தாலும் காசு வாங்காமல் யோசனை சொல்வார். தேவைப்பட்டால் தெரிந்த லோயரைக் கெஞ்சிக் கூத்தாடி நீதிமன்றத்துக்கு அனுப்புவார். ராத்தாவை நான்தான் அங்கே கூட்டிக்கொண்டு போனேன். சின்னராசா ஐயா கேட்டுவிட்டுச் சொன்னார்:

“கணவன் கொடுமை செஞ்சா, மனைவி தானே கேட்டு விடுதலை வாங்கலாம். ‘பஸஹ்’ என்று சொல்வாங்க. உங்க விவாக வழக்கைப் பார்க்கிற காதி நீதவான்கிட்டத்தான் கேட்கணும். அவரோட மூணு ஜூரிமாரும் இருந்து விசாரிப்பாங்க. விண்ணப்பத்தைக் கொடுங்க. மிச்சத்தைப் பிறகு பேசுவோம்.”

விண்ணப்பம் போனது. மிச்சத்தைப் பேசுவதற்குள் ஐயா கண் ஆபரேஷனுக்காகக் கண்டிக்குப் போய்விட்டார். அதே நேரத்தில்தான் அந்தப் பெரிய செய்தி வந்தது. அரசாங்கம் சட்ட உதவிக்கென்று புதிய சட்டம் கொண்டுவந்துவிட்டது. இனி ஏழைகளுக்கு லோயரை அரசாங்கமே கொடுக்கும். எங்கள் ஊருக்கும் ஓர் அலுவலகம் வந்தது.

சங்கத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். “அரசாங்கமே குடை பிடிக்கிது. இனி நாங்க என்னத்துக்கு நனையிற?” என்றார் ஸஹாப்தீன் ஹாஜியார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் தேத்தண்ணியும் கேக்கும் கொடுத்து, சங்கத்தின் பலகையைக் கழற்றினார்கள். வழக்குகளையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டிப் புதிய அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். எது எந்த மாதிரி வழக்கு என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. ராத்தாவின் வழக்கும் அந்தக் கட்டோடு போனது.

புதிய அலுவலகத்தில் எங்களை நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். நல்லையா என்ற இளம் சட்டத்தரணி ராத்தாவின் கதையைப் பொறுமையாகக் கேட்டார். கேட்கும்போதே அவருக்குக் கோபம் வந்தது. “நீங்க ஒன்றும் பேச வேண்டாம் அக்கா. நான் பேசுறன்” என்றார். ராத்தாவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தான் பேச வேண்டியதில்லை! வீட்டுக்கு வந்து மெஷினை மிதித்துக்கொண்டு பாட்டே பாடினார்.

விசாரணை காதி நீதவானின் வீட்டு முன்மண்டபத்தில் நடந்தது. நல்லையா கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வந்தார். படியேறும்போதே காதியார் எழுந்து வந்து கையைக் காட்டி நிறுத்தினார். கோபமாகப் பேசவில்லை.

“தம்பி, நீங்க சட்டம் படிச்சவர். எங்கட விவாகச் சட்டத்தையும் கொஞ்சம் பார்த்துட்டு வந்திருக்கலாம். இந்த விசாரணையில லோயர்மார் ஆஜராக ஏலாது. ரெண்டு பக்கமும் அவங்கவங்கதான் பேசணும்.”

நல்லையாவின் முகம் வெளிறிவிட்டது. கொழும்பிலிருந்து புதிதாக வந்தவர். இந்த மாதிரி வழக்கு அவருக்கு இதுதான் முதல். உள்ளே உட்கார்ந்திருந்த அலவி எல்லாருக்கும் கேட்கும்படி சிரித்தார்.

“கல்யாணத்துக்குத்தான் தோழன் வருவான். பிரிக்கிறதுக்குமா தோழன் கூட்டி வந்திருக்கிற?”

ஜூரிமாரில் ஒருவரும் சிரித்துவிட்டார். நல்லையாவைச் செருப்புகள் கழற்றியிருந்த விறாந்தையில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, பிளேன்டீயும் பனங்கட்டித் துண்டும் கொடுத்தார்கள். நான் வீட்டுப் பெண்களோடு திரைக்குப் பின்னால் இருந்தேன். என்ன நடந்தது என்று காதியார் ராத்தாவிடம் கேட்டார். ராத்தா விறாந்தையைத் திரும்பிப் பார்த்தார். காதியார் திரும்பவும் கேட்டார். ராத்தா அழுதார். ஒரு வார்த்தை வரவில்லை.

“மகள், வாயத் தொறக்காட்டி நான் எதை வச்சித் தீர்ப்பு செல்ற? புருஷன் கூட்டிப்போகத் தயார் எண்டு செல்றார். அடுத்த தவணையிலயும் நீங்க இப்படியே இருந்தா, ‘சேர்ந்து வாழுங்க’ எண்டுதான் நான் செல்லணும்.”

அந்தத் தவணை விசாரணைக்கு ஒரு மாதம் இருந்தது. அன்று திரும்பி வரும் வழியில்தான் ராத்தா என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். ஒரு மாதத்துக்குள் பேசப் பழகாவிட்டால், திரும்பவும் அந்தக் கதவுக்குப் பின்னால்.

எனக்குப் பதில் தெரியாவிட்டாலும், பின்னால் வந்த நல்லையாவின் காதில் கேள்வி விழுந்திருக்க வேண்டும். மறுநாளே அவர் சின்னராசா ஐயாவைத் தேடிப் போனார். ஐயா கண்டியிலிருந்து வந்து, கண்ணுக்குப் பச்சைத் துணி கட்டிக்கொண்டு வீட்டில் இருந்தார். கதையைக் கேட்டதும் அந்தத் துணியோடேயே எழுந்து சங்கத்து ஆட்களைக் கூப்பிட்டு அனுப்பினார்.

சங்கத்தின் அறையில் அதற்குள் ஹாஜியார் துணிக் கட்டுகளை அடுக்கிவிட்டார். உட்கார இடமில்லை. எல்லாரும் படுக்கை விரிப்புக் கட்டுகளின் மேல் ஏறி உட்கார்ந்தார்கள். நானும் ராத்தாவும் படிக்கட்டில் நின்றோம்.

“பலகையைக் கழற்ற முந்தி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா ஹாஜியார்?” என்றார் ஐயா.

“ஐயா, ஒங்களுக்குக் கண்ணு தெரியல்ல எண்டு டொக்டர் செல்லிட்டார். பலகைய யாருக்குக் காட்டுற?” என்றார் ஹாஜியார். ஐயாவும் சேர்ந்து சிரித்தார். பிறகு ஹாஜியார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நான் செஞ்சது பிழை எண்டு இன்னமும் விளங்கல்ல. லோயர் இல்லாததுதானே குறை? இப்ப லோயர் கெடச்சிட்டார். நாங்க இன்னும் என்னத்தக் கொடுக்க?”

ஐயா யோசித்துப் பேசினார். “நானும் அப்படித்தான் நினைச்சேன். சட்ட உதவின்னா லோயர்ன்னு. ஆனா நம்மகிட்ட வந்தவங்களை எண்ணிப் பாருங்க. தோட்டத்து ஆபீஸ் வாசல்ல துரைகிட்டப் பேசணும், அங்கே லோயர் போறதில்லை. அரசாங்கக் கச்சேரி ஆபீஸ்ல கிளாக்கர்கிட்டப் பேசணும், அங்கேயும் போறதில்லை. இந்தப் பிள்ளைக்குக் காதியார்கிட்டப் பேசணும், அங்கே போகவே முடியாது. நீதிமன்றத்துக்குப் போற வழக்கெல்லாம் நல்லையா தம்பி பார்க்கட்டும். எங்களைவிட நல்லாப் பார்ப்பார். லோயர் போகாத இடத்துக்குத் தனியாப் போறவங்களை யார் பார்ப்பா?”

நல்லையா தயங்கித் தயங்கிச் சொன்னார். “என்ட அலுவலகம் வழக்குப் பேசத்தான் ஐயா. பேச்சுப் பழக்க வாறதுக்கு என்னட்ட உத்தரவு இல்லையே.”

“ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணி குடிக்க உத்தரவு இருக்கா?”

“அதுக்கு யாரும் கேட்க மாட்டாங்க.”

“அப்ப தேத்தண்ணி குடிக்க வாங்க.”

ஹாஜியார் தான் உட்கார்ந்திருந்த கட்டிலிருந்து இறங்கினார். “சரி. இந்தக் கட்டுகள நான் கீழ எடுக்கிறேன். மழைக்காலத்துக்குள்ள வித்துப்போகும், அல்லாஹ்ட காவல்” என்றார். சங்கம் திரும்பத் திறந்தது இப்படித்தான்.

முதல் பயிற்சி அந்த அறையில் நடந்தது. சின்னராசா ஐயா காதியாராக உட்கார்ந்தார். நல்லையா அலவியாக உட்கார்ந்தார். ராத்தா நடுவில் நின்றார். ஒன்றும் வரவில்லை. ஐயா என்னைப் பார்த்தார். நான் ராத்தாவின் மெஷின் பழக்கத்தைச் சொன்னேன். அடுத்த ஞாயிறு அவர்கள் இருவரும் ராத்தாவின் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அன்று சம்பளம் முடிந்த ஞாயிறு. கொஸ்லந்தையிலிருந்து இராக்கம்மாவும் ரவிக்கைத் துணியோடு வந்திருந்தார்.

“மெஷின்ல உட்காருங்க” என்றார் ஐயா. “இராக்கம்மாவின் ரவிக்கையைத் தைங்க. தைச்சுக்கிட்டே எனக்குப் பதில் சொல்லுங்க. என் முகத்தைப் பார்க்க வேண்டாம்.”

சக்கரம் சுழன்றதும் ராத்தாவின் குரல் வந்தது. ஆனால் கதை கல்யாணப் பந்தலிலிருந்து தொடங்கியது. புரியாணிச் சட்டி எத்தனை, மாப்பிள்ளை வீட்டார் எந்த பஸ்ஸில் வந்தார்கள், யார் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார்கள் என்று போனது.

“கதவுக்கு வாங்க பிள்ளை, கதவுக்கு வாங்க!” என்றார் ஐயா.

“அதுக்கு இன்னும் சாப்பாடே முடியல்லியே ஐயா!”

இராக்கம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு நல்லையா அலவியாகப் பேசத் தொடங்கினார். மேசையில் தட்டி, “என் மனைவியைப் பூட்டிவைக்க எனக்கு உரிமை உண்டு!” என்று முழங்கினார்.

“அய்யோ சாமி,” என்றார் இராக்கம்மா, “அலவி மொதலாளி இப்புடியா பேசுவாரு? நீங்க போலீஸ்காரன் மாதிரி கத்துறீங்க. அவரு பேசுனா சீனி போட்ட மாதிரி இருக்கும்ங்க. ‘இராக்கம்மா, சொகமா? புள்ளைக சொகமா?’ன்னு கேட்டுக்கிட்டேதான் நெறுவைத் தட்டுல கையை வைப்பாரு.”

நல்லையா குரலை மாற்றிப் பார்த்தார். “தங்கமே, வெளியெல்லாம் குடிகாரர்கள். உங்கட பாதுகாப்புக்குத்தானே பூட்டினேன்?” என்று குழைந்தார். எல்லாரும் சிரித்தோம். ராத்தா சிரிக்கவில்லை. மெஷின் நின்றது.

“பயத்துக்குப் போடுற தாழ்ப்பாள உள்ளுக்குத்தானே போடுற? நீங்க ஏன் வெளியில போட்டீங்க?”

நல்லையாவின் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். கையில் ஊசி இல்லை, கால் மிதியில் இல்லை. சின்னராசா ஐயா பச்சைத் துணியைத் தூக்கிவிட்டு ராத்தாவைப் பார்த்தார். “இது போதும். அன்றைக்கும் இதைக் கேளுங்க” என்றார். எங்களுக்கெல்லாம் வழக்கு முடிந்துவிட்ட மாதிரி இருந்தது. அதன்பின் வந்த ஞாயிறுகளில் மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டு, நாற்காலியில் உட்காரவைத்துப் பழக்கினார்கள். இடையில் ஆண்கள் குறுக்கிட்டால் நிறுத்தாமல் பேசப் பழக்கினார்கள். குறுக்கிடும் வேலையை ஹாஜியார் எடுத்துக்கொண்டார். அதில் அவரை யாரும் வெல்ல முடியாது.

சாட்சி சொல்ல இராக்கம்மா தானாக முன்வந்தார். அதில் அவருக்கும் ஆபத்து இருந்தது. இராக்கம்மாவும் மற்றத் தொழிலாளரும் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்தில் அலவியின் கடை ஒன்றுதான். அங்கே முகம் முறிந்தால் அரிசிக்கும் மாவுக்கும் மலை இறங்கிப் போக வேண்டும். “போனாப் போவுது. அந்தக் கொண்டிய நெம்புனது நான்தானே? நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா?” என்றார்.

தவணை நாளில் நல்லையா கோட்டுப் போடாமல் வந்து, காதியாரின் வீட்டுக்குக் கீழே சாலை முனையில் நின்றுகொண்டார். நான் திரைக்குப் பின்னால் போனேன். ஹாஷிம், மச்சான் அலவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ராத்தா பேசினார். இடையில் நிற்கவில்லை. பந்தலில் தொடங்காமல் நேராகக் கதவுக்கு வந்தார். காதியார் அலவியைப் பார்த்து, “பூட்டினது உண்மையா?” என்று கேட்டார். குடிகாரர்கள் கதையை இப்போது சொல்வார், ராத்தா அந்தக் கேள்வியைக் கேட்பார் என்று நான் காத்திருந்தேன்.

“உண்மைதான்” என்றார் அலவி. “பிழைதான் காதியார். வயசுப் புத்தி. அல்லாஹ்வுக்குப் பயந்து ஒத்துக்கொள்றேன். இப்ப அந்தத் தாழ்ப்பாளக் கழட்டிட்டேன். அறைக்குப் புதுச் சுண்ணாம்பும் அடிச்சிட்டேன். இவ வந்தா ராணி மாதிரி ஈக்கலாம்.”

நாங்கள் பழகியதெல்லாம் ஒரு நொடியில் வீணாய்ப் போனது. ஒப்புக்கொண்ட மனிதரிடம் ஏன் வெளியே போட்டாய் என்று கேட்டு என்ன பயன்? ஜூரிமார் மூவருக்கும் முகம் இளகிவிட்டது. ஹாஷிம் தலையாட்டினார். காதியார் மெதுவாகச் சொன்னார்: “மகள், மனிசன் பிழைய ஒத்துக்கொள்றார். ஒருக்காப் போய்ப் பார்க்கலாமே?”

திரைக்கு இந்தப் பக்கம் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“தாழ்ப்பாள எப்ப கழட்டினீங்க?” என்று ராத்தாவின் குரல் கேட்டது.

“என்ன?”

“எப்ப கழட்டினீங்க எண்டு கேட்டேன்.”

“போன கிழமதான். ஒனக்காகத்தான்.”

“நான் வெளியில வந்து மூணு வருசம். மூணு வருசமா அது யாருக்குக் கெடந்திச்சு?”

அலவி சிரிக்கப் பார்த்தார். “சாமான் வைக்கிற எடம்தானே. சாமானுக்கு.”

பண்டாரவளை வியாபாரியான ஒரு ஜூரி, போன முறை சிரித்தவர்தான், நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப பொண்டாட்டிய வச்சதும் சாமானோடதானா?”

காதியார் இராக்கம்மாவைக் கூப்பிட்டார். நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். “வேணாம்ங்க, நின்னாத்தான் எனக்குப் பேச்சு வரும்” என்றார் அவர். கதவையும் காய்ச்சலையும் சொன்னார். கவ்வாத்துக் கத்தியையும் மறைக்கவில்லை. பிறகு, யாரும் கேட்காமலேயே இன்னொன்றும் சொன்னார்.

“இந்தத் தங்கச்சி போனதுக்கப்பறம் வேலைக்கின்னு ஒரு புள்ள வந்து இருந்துச்சுங்க. அதையும் வச்சுப் பூட்டிட்டுத்தான் போவாரு. அதுவும் போன மாசம் ஓடிப்போயிருச்சு.”

அலவி அவர் பக்கம் திரும்பினார். குரலில் அதே சீனி. “இராக்கம்மா, நாளைக்கும் எங்கட கடைக்குத்தானே வரணும்? பார்த்துப் பேசுங்க.”

“என்ன சென்னீங்க?” என்றார் காதியார்.

“ஒண்டுமில்ல. சும்மா.”

“என்ட மண்டபத்துல, என்ட முன்னுக்கே சாட்சிய வெருட்டுறீங்க. இது சும்மாவா?”

ஹாஷிம் தன் நாற்காலியை அலவியிடமிருந்து கொஞ்சம் நகர்த்திப் போட்டதை நான் திரை இடுக்கில் பார்த்தேன். காதியாரும் ஜூரிமாரும் உள்ளறைக்குப் போய்ப் பேசினார்கள். அவர்கள் வரும்வரை ராத்தா கையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்து, பஸஹ் கொடுப்பதாகக் காதியார் சொன்னார். நல்ல தமிழில், எல்லாருக்கும் விளங்கும்படி சொன்னார். ராத்தா இனி அலவியின் மனைவி இல்லை.

திரைக்குப் பின்னால் இருந்த காதியாரின் மனைவி என்னைக் கட்டிக்கொண்டார். ஏன் என்னைக் கட்டிக்கொண்டார் என்று தெரியாது. பக்கத்தில் நான்தான் இருந்தேன்.

சாலை முனைக்கு இறங்கி வந்தோம். நல்லையா எங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஒன்றும் கேட்காமல் நின்றார். “கெடச்சிட்டு தம்பி” என்று ராத்தா தானே சொன்னார். அந்த மனிதர் நடுச்சாலையில் கையைத் தட்டினார். பஸ்காரன் ஹோன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். தேத்தண்ணிக் கடையில் எல்லாரும் உட்கார்ந்தோம். ஹாஷிம் தன் தேத்தண்ணியை ராத்தா பக்கம் தள்ளி வைத்தார். பிறகு, “பூட்டின கதைய எனக்கு ஏன் ராத்தா நீங்க செல்லல்ல?” என்றார். “நீ கேக்கல்லியே வாப்பா” என்றார் ராத்தா. வருத்தமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அவருக்கும் சேர்த்து வடை கேட்டார். அன்று ராத்தா சாப்பிட்டதைப் போல ஒருவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பல மாதப் பசி.

இராக்கம்மா அதன்பின் அலவியின் கடைக்குப் போகவில்லை. லயத்துப் பெண்கள் சிலரும் அவரோடு சேர்ந்து மலை இறங்கி வேறு கடைக்குப் போகிறார்கள். “நடந்தாக் காலுதான் வலிக்குது” என்கிறார்.

சங்கத்தின் பலகை திரும்ப மாட்டப்பட்டுவிட்டது. நீதிமன்றத்துக்குப் போக வேண்டியவர்களை அங்கிருந்து அரசாங்க அலுவலகத்துக்கு அனுப்புகிறார்கள். லோயர் போகாத இடத்துக்குப் போகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்துப் பேசப் பழக்குகிறார்கள். போன மாதம் தெமோதரையிலிருந்து வந்த ஒருவர், துரையிடம் லயக் கூரையைப் பற்றிப் பேசப் பழகிக்கொண்டு போனார். துரையாக நடித்தது ஹம்ஸியா ராத்தா. மிகக் கடுமையான துரை என்று பேர் வாங்கிவிட்டார்.

புதிய சட்டத்தைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்தச் சட்டம் வந்ததால்தான் நல்லையாவைப் போன்றவர் எங்கள் ஊருக்கு வந்தார். ஆனால் சட்டம் ஒரு லோயரைத் தரும்போது, அந்த லோயர் எந்த வாசலோடு நின்றுவிடுவார் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். வாசலுக்கு அப்பால் போகிறவரைத் தயார் செய்யவும் ஆள் வேண்டும். ராத்தா அன்று கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான்.

இதைப் படிக்கிற உங்கள் தெருவிலோ லயத்திலோ, காதியாரிடமோ தோட்ட ஆபீசிலோ தனியாகப் போய்ப் பேச வேண்டிய ஒரு பெண் இருக்கலாம். படிக்கத் தெரியாதவராக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். அவர் பூனாகலையில் இருந்தாலும் சரி, அதற்கும் அப்பால் இருந்தாலும் சரி, அந்தப் பக்கம் போகிற யாரிடமாவது இந்தக் கதையைச் சொல்லி அனுப்புங்கள்.